மாலத்தீவு டைவிங் ட்ரிப் போறீங்களா? கிளம்பும் முன் நைட்ராக்ஸ் கார்டு எடுக்கணுமா, வேண்டாமா... முழு விவரம்!

மாலத்தீவுக்கு ஃப்ளைட் டிக்கெட் போட்டாச்சு. ஒரு வாரம் கடலிலேயே தங்கி டைவ் அடிக்கும் லைவ்போர்டு படகில் இடமும் பிடிச்சாச்சு. படகு நிறுவனம் அனுப்பும் படிவத்தில் பெயர், பாஸ்போர்ட் எண், ஷூ சைஸ் எல்லாம் நிரப்பிக்கொண்டே வரும்போது ஒரு கேள்வி வந்து நிற்கும்: "நைட்ராக்ஸ் சான்றிதழ் இருக்கிறதா?"

ஓப்பன் வாட்டர் கோர்ஸ் முடித்து பத்து, பதினைந்து டைவ் போட்ட பலரும் இந்த இடத்தில்தான் யோசிக்க ஆரம்பிக்கிறார்கள். கூட ஒரு கோர்ஸுக்குப் பணம் கட்டணுமா? சும்மா பிசினஸ் தந்திரமா? இல்லை, உண்மையிலேயே பயன் இருக்கா?

பயன் இருக்கு. ஆனால் பலர் நினைக்கிற பயன் இல்லை.

நைட்ராக்ஸ்னா என்ன?

நாம் சுவாசிக்கும் காற்றில் ஆக்சிஜன் கிட்டத்தட்ட 21 சதவீதம். மீதி பெரும்பாலும் நைட்ரஜன். சாதாரண ஸ்கூபா சிலிண்டரில் இருப்பதும் இதே காற்றுதான். 'ஆக்சிஜன் சிலிண்டர்' என்று சினிமாவிலும் செய்தியிலும் சொல்வது பழகிப்போன தவறு.

நைட்ராக்ஸ் என்பது ஆக்சிஜன் அளவைக் கூட்டிய காற்று. உல்லாச டைவிங்கில் அதிகம் புழங்குவது 32 சதவீதம். அடுத்து 36. இந்தக் கோர்ஸ் அனுமதிக்கும் உச்சம் 40 சதவீதம். ஆக்சிஜன் கூடினால் நைட்ரஜன் குறையும். விஷயமே அந்தக் குறைவில்தான் இருக்கிறது.

கோலி சோடாவை நினைத்துக்கொள்ளுங்கள். குண்டு அடைத்திருக்கும் வரை உள்ளே இருக்கும் வாயு கண்ணுக்குத் தெரியாது. குண்டைத் தட்டியதும் புஸ்ஸென்று குமிழியாக வெளியே வரும். கடலுக்கடியில் அழுத்தம் கூடக் கூட, சுவாசிக்கும் நைட்ரஜன் ரத்தத்திலும் தசையிலும் கரைகிறது. மெதுவாக மேலே வந்தால் மூச்சு வழியாகவே வெளியேறிவிடும். அதிக நேரம் கீழே இருந்துவிட்டு வேகமாக மேலே வந்தால், அது உடம்புக்குள் குமிழியாகும். மூட்டு வலி, மரத்துப்போதல், மோசமான நிலையில் பக்கவாதம் வரை போகும். இதற்குப் பெயர் டிகம்ப்ரஷன் நோய்.

அதனால்தான் ஒவ்வொரு ஆழத்துக்கும் ஒரு நேர வரம்பு இருக்கிறது. நைட்ராக்ஸில் நைட்ரஜன் குறைவு என்பதால் அந்த வரம்பு நீளும்.

எவ்வளவு நீளும்? பேடி நிறுவனத்தின் காற்றுக்கான அட்டவணைப்படி, முதல் டைவில் 22 மீட்டர் ஆழத்தில் 37 நிமிடம் இருக்கலாம். அதே ஆழத்தில் 32 சதவீத நைட்ராக்ஸ் சுவாசித்தால், நைட்ரஜன் கணக்குக்கு உடம்பு சுமார் 17.5 மீட்டரில் இருப்பது போலத்தான். அந்த அட்டவணையில் 18 மீட்டருக்கு 56 நிமிடம். 30 மீட்டரில் காற்றுக்கு 20 நிமிடம்தான். 32 சதவீத நைட்ராக்ஸில் அது 25 மீட்டருக்கு நிகராகி 29 நிமிடம் கிடைக்கிறது.

சும்மா பார்த்தால் பெரிய லாபம்தான். ஆனால் இங்கே ஒரு சின்ன 'ஆனால்' இருக்கு.

சிலிண்டர் முன்னாடியே காலியானா?

வாடகைக்குக் கிடைக்கும் வழக்கமான அலுமினிய சிலிண்டரின் கொள்ளளவு சுமார் 11 லிட்டர். 200 பாரில் நிரப்பினால் 2,200 லிட்டர் காற்று. 50 பார் மிச்சம் வைத்து மேலே வர வேண்டும் என்பது வழக்கம். அப்போ செலவழிக்கக் கிடைப்பது 1,650 லிட்டர். 22 மீட்டரில் அழுத்தம் 3.2 பார். தரையில் நிமிடத்துக்கு 20 லிட்டர் இழுக்கும் ஒரு புது டைவர், அங்கே 64 லிட்டர் இழுப்பார். 25 நிமிடத்தில் கணக்கு முடிந்தது.

அதாவது 37 நிமிட வரம்பையே அவர் தொடப்போவதில்லை. 56 நிமிடம் கொடுத்து என்ன புண்ணியம்? நைட்ராக்ஸ் போட்டால் சிலிண்டர் நீடித்து வரும் என்று சிலர் நம்புவது தவறு. எந்த வாயு என்றாலும் நுரையீரல் இழுக்கும் அளவு ஒன்றுதான்.

அப்படியானால் புது டைவருக்கு வேண்டாமா? ஒரு நாளைக்கு ஒரே ஒரு டைவ், அதுவும் 12 மீட்டருக்குள் என்றால் நிச்சயம் வேண்டாம். அங்கே காற்றுக்கே 147 நிமிட வரம்பு இருக்கிறது. பணத்தை இன்னொரு டைவுக்கு வைத்துக்கொள்ளலாம்.

லைவ்போர்டு கதை வேறு. காலை ஆறு மணிக்கு ஒன்று, காலை உணவுக்குப் பிறகு ஒன்று, மதியம் ஒன்று, சில நாட்களில் இரவு டைவும் உண்டு. இரண்டு டைவுக்கு நடுவே கிடைக்கும் இரண்டு, மூன்று மணி நேரத்தில் உடம்பில் சேர்ந்த நைட்ரஜன் முழுசாக வெளியேறாது. பழைய பாக்கியோடுதான் அடுத்த டைவ் தொடங்கும். இரண்டாவது, மூன்றாவது டைவில் காற்றுக்கான வரம்பு சுருங்கிக்கொண்டே வரும். சிலிண்டரில் பாதிக் காற்று இருக்கும்போதே கம்ப்யூட்டர் 'மேலே போ' என்று சொல்லும். ஐந்தாறு நாள் தொடர்ந்து இப்படி டைவ் அடிக்கிறவருக்குத்தான் நைட்ராக்ஸ் உண்மையில் கைகொடுக்கிறது.

இன்னொரு விதமாகவும் பயன்படுத்தலாம். நேரத்தைக் கூட்டாமல், காற்றுக்கான வரம்புக்குள்ளேயே இருந்துகொண்டு நைட்ராக்ஸ் சுவாசித்தால் உடம்பில் சேரும் நைட்ரஜன் குறையும். வயது கூடியவர்களும், எச்சரிக்கையாக இருக்க விரும்புகிறவர்களும் இதைத்தான் செய்கிறார்கள்.

ஆழமா போகலாமா? அங்கேதான் ஆபத்து!

நைட்ராக்ஸ் பற்றிய மிகப் பெரிய தவறான நம்பிக்கை இது. ஆக்சிஜன் கூட இருந்தால் இன்னும் ஆழமாகப் போகலாம் என்று நினைக்கிறார்கள். உண்மை நேர் எதிர். நைட்ராக்ஸ் சிலிண்டரோடு போகக்கூடிய ஆழம், காற்று சிலிண்டரை விடக் குறைவு.

காரணம், ஆக்சிஜனும் ஓர் அளவுக்கு மேல் விஷம். அழுத்தம் கூடும்போது ஆக்சிஜன் மூளையைத் தூண்டி வலிப்பை உண்டாக்கும் என்பதை பிரெஞ்சு விஞ்ஞானி பால் பெர் 1878-லேயே எழுதி வைத்துவிட்டார். இரண்டாம் உலகப் போரின்போது பிரிட்டிஷ் கடற்படை, சுத்தமான ஆக்சிஜனில் மூழ்கும் வீரர்களை வைத்துப் பெரிய அளவில் சோதனை நடத்தியது. கென்னத் டொனால்ட் என்ற மருத்துவர் அதை வழிநடத்தினார். சோதனைத் தொட்டியின் அடியில் 'ஆக்சிஜன் பீட்' என்று ஒரு பூதம் இருக்கிறது, வலிப்பு வந்தவனை அதுதான் பிடிக்கிறது என்று வீரர்கள் கேலியாகச் சொல்வார்களாம்.

அந்தச் சோதனைகளில் தெரியவந்த ஒரு விஷயம் இன்றைக்கும் முக்கியம். ஒரே ஆள், ஒரே ஆழம் என்றாலும் இன்று ஒன்றும் ஆகாது. நாளைக்கு வலிப்பு வரும். 'போன தடவை போனேன், ஒண்ணும் ஆகலையே' என்ற அனுபவம் இங்கே செல்லாது.

பார்வை மங்குதல், காதில் இரைச்சல், குமட்டல், உதடு துடித்தல், தலைசுற்றல் என்று அறிகுறிகளைப் பட்டியல் போட்டுக் கற்றுத் தருவார்கள். ஆனால் எந்த அறிகுறியும் இல்லாமல் நேரடியாக வலிப்பு வருவதும் உண்டு. தரையில் வலிப்பு வந்தால் பெரும்பாலும் பிழைத்துக்கொள்ளலாம். 25 மீட்டர் ஆழத்தில் வாயிலிருந்து ரெகுலேட்டர் நழுவினால் அடுத்து உள்ளே போவது கடல் தண்ணீர்.

1.4 என்ற அந்த ஒரு எண்

இதைத் தடுக்க இருக்கும் வேலி ஒரு எண். சுவாசிக்கும் ஆக்சிஜனின் பகுதி அழுத்தம் 1.4 பாரைத் தாண்டக் கூடாது. 1.6 என்பது அவசரத்துக்கான கடைசி எல்லை. திட்டமிட்டு அங்கே போகக் கூடாது.

கணக்கு ஐந்தாம் வகுப்புக் கணக்குதான். கடல் மட்டத்தில் அழுத்தம் 1 பார். ஒவ்வொரு 10 மீட்டருக்கும் 1 பார் கூடும். 30 மீட்டரில் 4 பார். சிலிண்டரில் 32 சதவீதம் இருந்தால், 4-ஐ 0.32-ஆல் பெருக்க 1.28 பார். பாதுகாப்பான எல்லைக்குள்தான்.

திருப்பியும் போடலாம். 1.4-ஐ 0.32-ஆல் வகுத்து, ஒன்றைக் கழித்து, பத்தால் பெருக்கினால் 33.75. அதாவது 32 சதவீத சிலிண்டருக்கு அதிகபட்ச ஆழம் 33 மீட்டர். 36 சதவீதத்துக்கு 28 மீட்டர். 40 சதவீதத்துக்கு 25 மீட்டர். சாதாரண காற்றுக்கு 56 மீட்டர்.

மாலத்தீவில் உல்லாச டைவிங்குக்கு விதிப்படி ஆழ வரம்பே 30 மீட்டர்தான். டிகம்ப்ரஷன் நிறுத்தம் தேவைப்படும் அளவுக்கு நீண்ட டைவும் அங்கே அனுமதி இல்லை. 30 மீட்டர் உச்சம், வரம்பு நேரத்தைத் தாண்டக் கூடாது, தினமும் பல டைவ்... இந்த மூன்றுக்கும் 32 சதவீத நைட்ராக்ஸ் அளவெடுத்துத் தைத்த சட்டை மாதிரி பொருந்துகிறது. அங்கே பல லைவ்போர்டுகள் கார்டு இருப்பவர்களுக்கு இதைக் கூடுதல் கட்டணம் இல்லாமலே தருவதற்குக் காரணமும் இதுதான்.

அதே சிலிண்டரை இலங்கை மட்டக்களப்புக்குக் கொண்டு போனால் கதையே மாறிவிடும். 1942 ஏப்ரல் 9 அன்று ஜப்பானிய விமானங்கள் குண்டு வீசி மூழ்கடித்த எச்.எம்.எஸ். ஹெர்மிஸ் என்ற பிரிட்டிஷ் விமானந்தாங்கிக் கப்பல் அங்கே கடலடியில் கிடக்கிறது. உலகம் முழுவதிலிருந்தும் டைவர்கள் தேடி வரும் இடம். ஆழம் சுமார் 53 மீட்டர். அங்கே அழுத்தம் 6.3 பார். காற்று சுவாசித்தால் ஆக்சிஜனின் பகுதி அழுத்தம் 1.32 பார். 32 சதவீத நைட்ராக்ஸ் என்றால் 2 பாரைத் தாண்டும். 1.6 என்ற கடைசி எல்லையையும் கடந்து எங்கேயோ போயாச்சு. ஹெர்மிஸ் டைவுக்குத் தனிப் பயிற்சியும் வேறு விதமான வாயுத் திட்டமும் வேண்டும். நைட்ராக்ஸ் கார்டு அதற்கான அனுமதிச்சீட்டு கிடையாது.

ஒரு காலத்தில் 'பில்லி சூனிய வாயு'!

இன்று படிவத்தில் சாதாரணமாகக் கேட்கும் இந்த வாயுவுக்கு ஒரு காலத்தில் பெரிய எதிர்ப்பு இருந்தது. அமெரிக்காவின் கடல் மற்றும் வளிமண்டல ஆய்வு அமைப்பான நோவா, 1970களில் தன் விஞ்ஞானிகளுக்காக 32 சதவீதக் கலவையை முறைப்படுத்தியது. மார்கன் வெல்ஸ் இதில் முன்னோடி. 1979-ல் நோவாவின் டைவிங் கையேட்டில் அது இடம்பிடித்தது. நோவாவில் இருந்து ஓய்வுபெற்ற டிக் ரட்கோவ்ஸ்கி 1985-ல் பொதுமக்களுக்கும் கற்றுக்கொடுக்கத் தொடங்கினார்.

டைவிங் உலகமே கொந்தளித்தது. 'பில்லி சூனிய வாயு' என்று பெயர் வைத்தார்கள். 1991-ல் அமெரிக்க டைவிங் தொழில் கண்காட்சியில் நைட்ராக்ஸ் பயிற்சி நிறுவனங்களுக்கு இடமில்லை என்று அறிவித்து, எதிர்ப்பு கிளம்பிய பிறகு பின்வாங்கினார்கள். எதிர்த்த பெரிய நிறுவனங்களே 1990களின் நடுப்பகுதியில் இந்தக் கோர்ஸை நடத்த ஆரம்பித்துவிட்டன.

எதிர்த்தவர்கள் முழுக்கத் தவறும் இல்லை. எந்த சிலிண்டரில் என்ன இருக்கிறது என்று பார்த்தால் தெரியாதே என்பதுதான் அவர்களின் பயம். அந்தப் பயத்துக்குக் கிடைத்த பதில்தான் இன்றைய கோர்ஸ்.

கோர்ஸ்ல என்னதான் சொல்லித் தருவாங்க?

பேடி, எஸ்.எஸ்.ஐ., நாவி, எஸ்.டி.ஐ. என்று எல்லா நிறுவனங்களிலும் இந்தக் கோர்ஸ் உண்டு. ஓப்பன் வாட்டர் அளவிலான சான்றிதழ் இருந்தால் போதும். பேடியில் குறைந்தபட்ச வயது 12. பாடத்தை ஆன்லைனில் மொபைலிலேயே படிக்கலாம். பிறகு ஒரு தேர்வு, பயிற்சியாளர் முன்னிலையில் செய்முறை. பல இடங்களில் தண்ணீருக்குள் இறங்கத் தேவையே இல்லை; டைவ் என்பது விருப்பம்தான். ஒரே நாளில் முடிந்துவிடும். கார்டுக்குக் காலாவதித் தேதியும் கிடையாது.

இவ்வளவு எளிதான கோர்ஸ் என்பதால் 'இதுக்கு எதுக்கு ஒரு கோர்ஸ்?' என்று கிண்டலடிப்பவர்கள் உண்டு. அவர்கள் கவனிக்காத விஷயம் ஒன்று. மற்ற டைவிங் கோர்ஸ் எல்லாம் தண்ணீரில் என்ன செய்ய வேண்டும் என்று சொல்லும். இது தண்ணீரில் இறங்கும் முன் படகின் தளத்தில் நின்று செய்ய வேண்டிய ஒரே ஒரு வேலையைச் சொல்லித்தருகிறது: உங்கள் சிலிண்டரை நீங்களே அளக்க வேண்டும்.

அந்த இரண்டு நிமிட வேலை

கையடக்கமான ஒரு கருவி, அனலைசர். உள்ளே ஆக்சிஜனை உணரும் சின்ன சென்சார். முதலில் வெளிக்காற்றில் வைத்து 20.9 காட்டுகிறதா என்று சரிசெய்ய வேண்டும். அடுத்து சிலிண்டர் வால்வை லேசாகத் திறந்து, மெல்லிய சீறலாக வரும் வாயுவை அதில் காட்ட வேண்டும். எண் ஏறிக்கொண்டே போகும். அது நகராமல் நிற்கும் வரை பொறுமை வேண்டும். பாதியிலேயே எடுத்துவிட்டால் தப்பான எண்தான் கிடைக்கும்.

கிடைத்த எண், அதற்கான அதிகபட்ச ஆழம், தேதி, உங்கள் பெயர் நான்கையும் டேப்பில் எழுதி சிலிண்டர் கழுத்தில் ஒட்ட வேண்டும். பிறகு படகின் பதிவேட்டிலும் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும்.

காலை ஐந்தே முக்காலுக்குத் தூக்கக் கலக்கத்தில், இருபது பேர் வரிசையில் நிற்கும்போது, 'எல்லாமே 32 தான் பாஸ், நேத்தும் அதான்' என்று யாராவது சொல்வார்கள். மேல் வரியைப் பார்த்து அதே எண்ணைக் காப்பி அடித்துக் கையெழுத்துப் போடுகிறவர்களும் இருப்பார்கள். விபத்துக்கு வாசல் திறப்பது அங்கேதான்.

எண் எப்படித் தப்பாகும்? கலக்கும் முறையைப் பொறுத்தது. சில இடங்களில் முதலில் சுத்த ஆக்சிஜனைக் கொஞ்சம் நிரப்பி, அதன் மேல் காற்றை நிரப்புவார்கள். காற்று சரியாக ஏறவில்லை என்றால் ஆக்சிஜன் சதவீதம் எகிறிவிடும். பல படகுகளில் இருப்பது சவ்வு வழியாக நைட்ரஜனைப் பிரித்தெடுக்கும் இயந்திரம். இதில் பெரிய தவறு நடக்க வாய்ப்பு குறைவு. ஆனாலும் இயந்திரம் சூடாகும் முன் நிரப்பிய சிலிண்டரில் ஒரு எண்ணும், பிறகு நிரப்பியதில் வேறு எண்ணும் வரலாம். காற்று சிலிண்டர் ஒன்று வரிசை மாறி வந்து நிற்பதும் நடக்கக்கூடியதே.

தவறு இரண்டு பக்கமும் கடிக்கும். 32 என்று நினைத்த சிலிண்டரில் உண்மையில் 40 இருந்தால், 30 மீட்டரில் ஆக்சிஜனின் பகுதி அழுத்தம் சரியாக 1.6 பார். கடைசி எல்லையில் நிற்கிறீர்கள், அதுவும் தெரியாமலே. மாறாக 32 என்று நினைத்ததில் வெறும் காற்று இருந்தால் வலிப்பு வராது. ஆனால் கம்ப்யூட்டர் 29 நிமிடம் இருக்கலாம் என்று சொல்லும். உடம்புக்கு உண்மையான வரம்பு 20 நிமிடம். மேலே வந்த பிறகு கை மரத்துப்போனால் காரணம் கண்டுபிடிக்கவே நேரமாகும். மாலத்தீவில் அழுத்த அறை சிகிச்சை எல்லாத் தீவிலும் கிடையாது.

32 எதிர்பார்த்து 36 வந்தால்? பயப்பட வேண்டாம். அதிகபட்ச ஆழம் 28 மீட்டர் என்று எழுதிக்கொண்டு டைவ் திட்டத்தை மாற்றலாம், இல்லையென்றால் வேறு சிலிண்டர் கேட்கலாம். அளந்தால் இது வெறும் தகவல்தான்.

கம்ப்யூட்டரும் மறக்கும்!

அளந்த எண்ணை டைவ் கம்ப்யூட்டரில் போட வேண்டும். இதை மறப்பவர்கள் நிறைய. சில மாடல்கள் குறிப்பிட்ட நேரம் கழித்துத் தானாகவே 21 சதவீதத்துக்குத் திரும்பிவிடும். நேற்று 32 போட்டோமே என்று இன்று அப்படியே இறங்கினால் கம்ப்யூட்டர் காற்றுக்கான கணக்கையே போடும். டிகம்ப்ரஷன் கணக்கில் அது உங்களுக்கு சாதகம்தான். ஆனால் ஆழ எச்சரிக்கை வராது. நீங்கள் 35 மீட்டருக்கு இறங்கினாலும் கம்ப்யூட்டருக்கு அது பிரச்சினையாகத் தெரியாது.

பாதுகாப்புக்காக வேண்டுமென்றே 21-இல் வைத்துக்கொள்கிறேன் என்பவர்களும் இதைக் கவனிக்க வேண்டும். வாடகைக் கம்ப்யூட்டர் என்றால் போன வாரம் அதைக் கட்டியவர் என்ன எண் வைத்திருந்தார் என்பதும் தெரியாது. முதல் நாளே அதன் செட்டிங் பக்கத்தைத் தேடிப் பழகிக்கொள்வது நல்லது.

ஒரு நாளில் சேரும் ஆக்சிஜன் அளவையும் கம்ப்யூட்டர் சதவீதமாகக் காட்டும். நோவா வகுத்த வரம்புப்படி 1.4 பாரில் ஒரே மூச்சில் 150 நிமிடம், 1.6 பாரில் வெறும் 45 நிமிடம். மூன்று சாதாரண டைவில் இந்த எல்லையைத் தொடுவது அரிது. ஆனால் அந்த எண் ஏறுவதைப் பார்க்கத் தெரிந்திருக்க வேண்டும்.

இன்னொன்று, மாலத்தீவுக்கே உரியது. அங்கே பிரபலமான டைவ் இடங்கள் பல, கடல் நீர் வேகமாகப் பாயும் கால்வாய்கள். சுறாவைப் பார்க்க நீரோட்டத்தை எதிர்த்து நீந்தினால் மூச்சு வாங்கும், உடம்பில் கார்பன் டை ஆக்சைடு சேரும். அது ஆக்சிஜன் நச்சின் ஆபத்தைக் கூட்டும். நைட்ராக்ஸ் போட்டிருந்தால் ஆழ எல்லைக்குக் கொஞ்சம் மேலேயே நின்றுகொள்வது புத்திசாலித்தனம். மூக்கடைப்புக்குப் போடும் சூடோஎஃபெட்ரின் மாத்திரையை நைட்ராக்ஸோடு சேர்த்து எடுக்க வேண்டாம் என்று டைவிங் மருத்துவர்கள் எச்சரிப்பதும் உண்டு. வலிப்பு நோய் வரலாறு இருப்பவர்கள் நைட்ராக்ஸ் மட்டுமல்ல, டைவிங்கே மருத்துவர் ஒப்புதல் இல்லாமல் யோசிக்கக் கூடாது.

களைப்பு குறையுமா?

நைட்ராக்ஸ் போட்டால் டைவுக்குப் பிறகு சோர்வே இருக்காது என்று படகில் பலரும் சத்தியம் பண்ணுவார்கள். இதை ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் சோதித்து 2003-ல் முடிவை வெளியிட்டார்கள். 18 மீட்டர் ஆழத்துக்கு நிகரான அழுத்த அறையில் டைவர்களை உட்காரவைத்து, எது காற்று, எது நைட்ராக்ஸ் என்று சொல்லாமல் கொடுத்துப் பார்த்தார்கள். களைப்பில் வித்தியாசம் தெரியவில்லை. அந்த ஆய்வை நடத்தியவர்களில் ஒருவர் டாக்டர் ரிச்சர்ட் ஹாரிஸ். 2018-ல் தாய்லாந்து குகையில் சிக்கிய சிறுவர்களை மயக்க மருந்து கொடுத்து வெளியே கொண்டுவர உதவியவர் அவர்தான்.

உலர்ந்த அறையும் அலையடிக்கும் கடலும் ஒன்றல்ல என்று வாதிடலாம். ஆனாலும் களைப்பு குறையும் என்பதற்காக மட்டும் யாரும் பணம் கட்ட வேண்டாம்.

ஊரிலேயே முடிக்கலாமா? படகில் முடிக்கலாமா?

இரண்டும் நடக்கும். படகிலேயே கோர்ஸ் நடத்தும் நிறுவனங்கள் உண்டு. சிக்கல் என்னவென்றால், இரண்டு டைவுக்கு நடுவே மற்றவர்கள் தூங்கும்போது நீங்கள் பகுதி அழுத்தக் கணக்குப் போட்டுக்கொண்டிருப்பீர்கள். கார்டு கைக்கு வரும்வரை முதல் நாள் டைவ்கள் காற்றில்தான். படகில் இணைய வசதியும் நம்பத்தக்கது இல்லை.

கிளம்புவதற்கு இரண்டு, மூன்று வாரம் முன்பே முடிப்பது வசதி. ஆன்லைன் பாடத்தை வீட்டிலேயே படித்துவிட்டு, செய்முறைக்கு மட்டும் புதுச்சேரி, கோவா, அந்தமான் போன்ற இடங்களில் உள்ள டைவ் சென்டருக்குப் போகலாம். எல்லா சென்டரிலும் நைட்ராக்ஸ் நிரப்பும் வசதி இருக்காது. போன் போட்டு மூன்று விஷயம் கேளுங்கள்: நைட்ராக்ஸ் பயிற்றுவிக்கத் தகுதி பெற்ற பயிற்சியாளர் இருக்கிறாரா, அளந்து பார்க்க உண்மையான நைட்ராக்ஸ் சிலிண்டர் இருக்கிறதா, சொன்ன கட்டணத்துக்குள் சான்றிதழ் கட்டணமும் அடங்குமா. 'அனலைசர் எல்லாம் வேண்டாம் சார், கார்டு வந்துடும்' என்று யாராவது சொன்னால் அந்தக் கடையை விட்டு நகர்ந்துவிடுங்கள். கற்க வேண்டிய ஒரே வேலையே அதுதானே!

படகு நிறுவனத்திடமும் முன்கூட்டியே கேட்க வேண்டியது உண்டு. நைட்ராக்ஸ் இலவசமா, சிலிண்டருக்கு இவ்வளவு என்று தனிக் கட்டணமா? இது படகுக்குப் படகு மாறும். அறையில் கூட இருப்பவர், டைவில் ஜோடியாக வருபவர் ஆகியோரிடமும் கார்டு இருந்தால் நல்லது. ஒருவர் நைட்ராக்ஸ், இன்னொருவர் காற்று என்றால் நேரம் குறைவாக இருப்பவரின் கணக்குப்படிதான் இருவரும் மேலே வர வேண்டியிருக்கும். நீங்கள் கட்டிய பணம் அங்கேயே கரைந்துவிடும்.

திரும்பும் ஃப்ளைட்டுக்கு இது சலுகை தராது

நைட்ராக்ஸில் டைவ் அடித்தால் சீக்கிரம் விமானம் ஏறலாம் என்று நினைக்கக் கூடாது. பல நாள் தொடர்ந்து டைவ் அடித்தவர்கள் கடைசி டைவுக்குப் பிறகு குறைந்தது 18 மணி நேரம் காத்திருக்க வேண்டும் என்பதே டைவர்கள் பாதுகாப்பு அமைப்பான டானின் பரிந்துரை. பலர் 24 மணி நேரமே வைத்துக்கொள்கிறார்கள். நைட்ராக்ஸுக்கு என்று தனியாகக் குறைந்த நேரம் எதுவும் இல்லை. தீவிலிருந்து மாலேவுக்கு சீபிளேனில் வருவதாக இருந்தாலும் இதே கணக்குதான். டிக்கெட் போடும்போதே கடைசி நாளைக் காலியாக விட்டுவிடுங்கள்.

கார்டு இப்போதெல்லாம் பெரும்பாலும் மொபைல் ஆப்பில்தான் வருகிறது. நடுக்கடலில் சிக்னல் இல்லாமல் ஆப் திறக்கவில்லை என்றால், கார்டு இல்லாதவர் மாதிரிதான் நடத்துவார்கள். ஓப்பன் வாட்டர், நைட்ராக்ஸ் இரண்டு கார்டையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்து, ஆளுக்கு ஒரு பிரிண்ட் பாஸ்போர்ட்டோடு வைத்துக்கொள்ளுங்கள்.